மௌனத்தைப் பதிவு செய்து பாருங்கள்

கேள்வி: கதைகளை வாசித்துப் பதிவு செய்யும் ஆசையில், இருப்பதிலேயே மலிவான ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஒன்றையும் கண்டன்சர் மைக் ஒன்றையும் வாங்கினேன். பெட்டியின் மேல் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் பதிவில் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இசை தெரிந்த என் அண்ணன், “குப்பை, திருப்பி அனுப்பு” என்கிறார். அதற்கு இன்னும் ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி)

பதில்: ஐந்து நாள் தாராளம். ஒரு மாலைப்பொழுதிலேயே அது தேறுமா தேறாதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் 24, 192 என்ற எண்களை மறந்துவிடுங்கள். 16 பிட்டிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே கணக்குப்படி 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. நாம் வாழும் அறைகள் அவ்வளவு அமைதியானவை அல்ல. மலிவான கருவியில் பெரும்பாலும் சிக்கல் வருவது ஒலியை எண்ணாக மாற்றும் இடத்தில் அல்ல. அதற்கு முன்னால், மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின் அலையைப் பெருக்கும் ப்ரீஆம்பில்தான். அட்டைப்பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஆகவே குரலுக்கு முன் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தக் கருவி கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசி மைக் பிளக் ஒன்றின் 2, 3 ஆகிய ஊசிகளுக்கு நடுவே 150 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதைச் செருகினால், மைக் மாட்டியிருக்கிறது என்றே கருவி எடுத்துக்கொள்ளும். ஆனால் அறையின் சத்தம் எதுவும் உள்ளே வராது. மைக்கை வெறுமனே கழற்றிவிட்டு அளக்காதீர்கள். திறந்து கிடக்கும் நுழைவாய் உள்ளதைவிடக் கூடுதலாக இரைந்து உங்களை ஏமாற்றிவிடும். பற்றவைக்க வராது என்றால், யாரிடமாவது ஒரு டைனமிக் மைக்கை (மின்சாரம் கொடுக்கத் தேவையில்லாத வகை) இரவல் வாங்கி, போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்து மூடுங்கள். ஏறத்தாழ அதே பலன்தான்.

நீங்கள் வழக்கமாக வாசிக்கும்போது கெயின் குமிழ் (பெருக்கத்தைக் கூட்டிக் குறைப்பது) எங்கே நிற்குமோ அங்கேயே வைத்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு குமிழைத் தொடாமல் உங்கள் கண்டன்சர் மைக்கை மாட்டி, பேசாமல் இன்னொரு அரை நிமிடம். இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு என்றால் குற்றவாளி அந்த இன்டர்ஃபேஸ் பெட்டிதான். இரண்டாவதில் மட்டும் கூடுகிறது என்றால் அது அறையின் சத்தம், அல்லது மைக்கின் சொந்த இரைச்சல். பெட்டியை மாற்றினாலும் அது போகாது.

ஒரு மாணவி இப்படித்தான் கண்கலங்கித் தன் கருவியைக் கொண்டுவந்தார். மௌனத்தைப் பதிவு செய்து கேட்டோம், சுத்தமாக இருந்தது. மைக்கை மாட்டியதும் இரைச்சல் வந்துவிட்டது. அவருடைய மடிக்கணினியை நீளமான கேபிளோடு கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தோம். அவர் “உஸ்” என்று காட்டிக்கொண்டிருந்தது முழுவதும் கணினியின் மின்விசிறிக் காற்று!

அடுத்து, கெயினை முழுதாகத் திருகி, ஹெட்போனில் கூர்ந்து கேளுங்கள். பரவலான இரைச்சலுக்கு நடுவே ஊசிபோல ஒரே சுருதியில் ‘கீ’ என்று ஒரு சீழ்க்கை ஒலி கேட்கிறதா? யு.எஸ்.பி. தொடர்பு மில்லி வினாடிக்கு ஒரு சட்டகம் என்ற தாளத்தில் நடக்கிறது. அதாவது வினாடிக்கு 1,000 முறை. அந்தத் துடிப்பு மின்வழங்கல் வழியாக ப்ரீஆம்புக்குள் கசிந்தால் 1,000 ஹெர்ட்ஸில் சீழ்க்கையாகக் கேட்கும். வேகமான யு.எஸ்.பி.யில் அது 8,000 ஹெர்ட்ஸிலும் வரலாம். வேறு துளையில் செருகிப் பாருங்கள், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் கெயினிலும் சீழ்க்கை கேட்டால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். பரவலான இரைச்சலைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஒற்றைச் சுருதியை ஒருபோதும் மறக்காது.

மல்டிமீட்டர் கிடைத்தால், கண்டன்சர் மைக்குக்குக் கருவி கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரமான ஃபாண்டம் பவரையும் அளந்துவிடுங்கள். மைக் கேபிளைக் கருவியில் செருகி, மறுமுனையில் 1 என்று எழுதிய துளையில் கறுப்பு முனை, 2இல் சிவப்பு முனை. பிறகு 3இல் சிவப்பு. இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். முப்பதுகளில் நின்றால், சில மைக்குகள் அதிலும் வேலை செய்யும். ஆனால் உரக்கப் பேசும் இடங்களில் குரல் கரகரத்து உடையக்கூடும்.

இன்னொன்று, காசே செலவில்லாதது. மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் விடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 30 சென்டிமீட்டர் என்றால் அதை 15 ஆக்குங்கள். குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், கெயினை அந்த அளவுக்குக் குறைக்கலாம், இரைச்சலும் கூடவே இறங்கும். ‘ப’கரம் வெடிக்காமல் இருக்க மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

சீழ்க்கை இல்லை, வோல்ட் சரி, நெருங்கி வாசித்தால் வரிகளுக்கு இடையே இரைச்சல் உறுத்தவில்லை என்றால், அண்ணன் என்ன சொன்னாலும் அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். கதை வாசிக்க அது போதும். பின்னாளில் டைனமிக் மைக்குக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் என் பதில் வேறு. சில டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபல் வரை பெருக்கம் தேவைப்படும்; மலிவான ப்ரீஆம்ப் அங்கேதான் மூச்சு வாங்கும்.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்போனில் ஒரு கணம் தாமதமாகக் கேட்கிறது. கருவி பழுதா? (ஒரு வாசகர்)

பதில்: பழுதில்லை. குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வருகிறது. வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 1,024 ஆக இருந்தால், ஒரு வழிக்கே 21 மில்லி வினாடி. 128 ஆக்கினால் 3 மில்லி வினாடிக்கும் கீழ். கணினி திணறிப் பதிவில் வெட்டு விழுந்தால் 256க்கு ஏற்றுங்கள். கருவியில் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். குரல் கணினியைத் தொடாமல் நேராகக் காதுக்கு வரும்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரை நேரடியாகச் செருகினால் ஒலி மங்கிப்போகிறது. ஏன்?

பதில்: சாதாரண லைன் நுழைவாயில் செருகியிருப்பீர்கள். கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு அது பெரும் சுமை. மேல் சுருதிகளின் பளபளப்பை விழுங்கிவிடும். ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று எழுதிய சுவிட்சைத் தேடுங்கள். அங்கே மின்மறுப்பு (நுழைவாய் காட்டும் தடை) 1 மெகா ஓம் அளவில் இருக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால், கிட்டாருக்கும் கருவிக்கும் நடுவே, கிட்டாரின் மின் அலையை மைக் நுழைவாய்க்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பெட்டி ஒன்றை வைக்க வேண்டியிருக்கும்.