பிரசவ அறையில் கேட்கத் தயங்காதீர்கள்

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் வாசகி ஒருவர், ‘வலியைவிட ஆஸ்பத்திரியை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த நிறைமாதக் கர்ப்பிணிகள் பலர் தங்கள் கேள்விகளை எழுதியிருக்கிறார்கள். அண்மையில் குழந்தை பெற்ற தாய்மார்கள் அவருக்குத் தைரியம் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவும், எங்கள் மகப்பேறு மருத்துவரின் பதில்களும் இங்கே.

கேள்வி: இது எனக்கு முதல் பிரசவம், 37 வாரம் முடிந்திருக்கிறது. அடிக்கடி வயிறு கல்லாக இறுகித் தளர்கிறது. சீக்கிரம் போனால் ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. தாமதித்தால் வழியிலேயே பிரசவம் ஆகிவிடுமோ என்றும் பயப்படுகிறேன். எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். பொய்வலிக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் எல்லாப் பிரசவ வார்டிலும் தினமும் இருப்பார்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும். எழுந்து நடந்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, கொஞ்சம் தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். உண்மையான பிரசவ வலி பலருக்கு இடுப்பின் பின்பக்கம் தொடங்கி அடிவயிற்றுக்குச் சுற்றி வரும். என்ன செய்தாலும் அடங்காமல், நேரம் ஆக ஆக இடைவெளி குறைந்து வலு கூடும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிப்பதாக, ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் தலைப்பிரசவத்துக்குக் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, இரண்டாவது பிரசவமாக இருந்தாலோ அதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதற்கு முந்தைய கட்டம் சிலருக்குச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீளும். அந்த நேரத்தை வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக் கழிப்பதே உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது என்பதால்தான் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பும்போது, ‘என்ன நடந்தால் மறுபடி வர வேண்டும், இரவில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நிலைகளும் உண்டு. பனிக்குடம் உடைந்தால், வலி வராவிட்டாலும், நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு போங்கள்; நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சளியோடு கலந்த இலேசான சிவப்பு இயல்பானது. மாதவிடாய் போல ரத்தம் போவது இயல்பானதன்று. தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி ஆகியவை ரத்த அழுத்தம் எகிறியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது குழந்தையின் அசைவைப் பற்றித்தான். ‘கடைசி வாரங்களில் இடம் போதாமல் குழந்தை அடங்கிவிடும்’ என்று பலரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையன்று. உதை புரளலாக மாறலாம். அசைவு குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று தோன்றினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே போங்கள்.

கேள்வி: பிரசவ அறைக்குள் என் கணவரோ அக்காவோ கூடவே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ‘உள்ளே வந்து அவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள், டாக்டருக்கும் நர்சுக்கும் தொந்தரவுதானே’ என்கிறார்கள் வீட்டில். என் ஆசை தவறா?

பதில்: உங்கள் ஆசை நியாயமானது; மருத்துவம் அதன் பக்கம்தான் நிற்கிறது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2017இல் வெளிவந்தது. பிரசவம் முழுவதும் துணை ஒருவர் உடனிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, வலிக்கும் நேரமும் ஓரளவு சுருங்கியது. தான் தேர்ந்தெடுத்த ஒருவர் உடனிருப்பதை ஒவ்வொரு தாய்க்கும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

துணைக்கு இருப்பவர் செய்யக்கூடியவை பார்வைக்கு மிகச் சிறியவை. வலி ஏறத் தொடங்கும்போது, முதுகெலும்பு இடுப்பில் வந்து முடிகிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி நன்றாக அழுத்தி, வலி இறங்கும் வரை அந்த அழுத்தத்தைத் தளர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் முதுகில் வலி வாங்குகிற பெண்ணுக்கு அது எத்தனை ஆறுதல் என்பதை அவள் முகத்திலேயே பார்க்கலாம். தோள் காதுவரை ஏறி, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொள்ளும்போது, ‘மூச்சை விடு, மெதுவாக விடு’ என்று கூடவே மூச்சு விட்டுக் காட்ட வேண்டும். இரண்டு வலிக்கு நடுவே ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க வேண்டும். நிரம்பிய மூத்திரப்பை குழந்தை இறங்கும் வழியை அடைக்கும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். பல பேரைக் கவனிக்கும் செவிலியர் ஒருவரால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருவர் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நிற்க முடியாது.

நெருங்கிய உறவு என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் வலியில் கத்தினால் கலங்காதவரும், உங்களுக்காக ஒரு கேள்வியைப் பணிவாகவும் விடாமலும் கேட்கக்கூடியவரும் வேண்டும். மருத்துவமனையின் விதி என்ன, இருவர் மாறி மாறி இருக்கலாமா, அறுவை அரங்குக்குள் அனுமதி உண்டா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள். வலி வந்த இரவில் வாசலில் நின்று வாதாட முடியாது.

ஒரு தாயின் கடிதம்: சென்ற இதழில் பயந்து எழுதியிருந்த சகோதரிக்கு. எனக்கும் அதே பயம் இருந்தது. 4 சென்டிமீட்டரில் மணிக்கணக்கில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு ‘அப்படியேதான் இருக்கிறது’ என்று சொன்னபோதெல்லாம் என்னால் முடியாது என்றே நினைத்தேன். அதன்பிறகு எப்படித் திறந்தது என்றே தெரியவில்லை, விடிவதற்குள் மகள் பிறந்துவிட்டாள். அதனால் எண்ணைக் கேட்டு மனம் உடையாதீர்கள். வலி தொடங்கியதும் எதுவும் குடிக்காமல் இருங்கள், வாந்தி வராது. தெரியாததை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நான் அந்தத் தாளைச் செவிலியர் கையில் கொடுத்தேன், அவர் ஒவ்வொன்றாக விளக்கினார்.

மருத்துவர்: இந்தத் தாய் எண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பதை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு, 1950களில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வரைந்த வரைபடத்திலிருந்து பரவியது. பின்னர் வந்த ஆய்வுகளில், இயல்பாகப் பிரசவித்த பெண்கள் பலருக்கும், குறிப்பாக 5 சென்டிமீட்டருக்கு முன்னால், அந்த வேகம் இல்லை என்று தெரிந்தது. எனவே தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, அந்த வேகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மருந்தோ கத்தியோ தேவையில்லை என்பதே இன்றைய நிலை. 5 சென்டிமீட்டருக்குப் பிறகும் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எத்தனை சென்டிமீட்டர் என்பது அதற்கு அடுத்தது.

ஆனால் எதுவும் குடிக்காமல் இருங்கள் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சிக்கல் எதுவும் இல்லாத தாய் பிரசவத்தின்போது தண்ணீர் குடிக்கலாம், பசித்தால் எளிதான உணவும் சாப்பிடலாம். அறுவைக்கு வாய்ப்பு இருப்பதாகக் கருதினால் மருத்துவரே நிறுத்தச் சொல்வார். கேள்விகளை எழுதிய தாள் என்பது மிக நல்ல யோசனை.

கேள்வி: பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போட்டுக்கொண்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி இருக்குமாமே?

பதில்: இருக்காது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். நீண்ட கால முதுகுவலி, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே அளவில்தான் காணப்படுகிறது. சிசேரியன் ஆகும் வாய்ப்பையும் அது கூட்டுவதில்லை. ரத்த அழுத்தம் சற்று இறங்கலாம், முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம். போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு. வலியைத் தாங்கினால்தான் தாய் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்குச் சிசேரியன் என்றாலே நடுக்கம். வலி வந்த பிறகு திடீரென்று ‘ஆபரேஷன்தான்’ என்று சொன்னால் நான் என்ன கேட்க வேண்டும்? மறுத்தால் குழந்தைக்கு ஆபத்து என்பார்களே.

பதில்: சிசேரியனில் அவசரம் எல்லா நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்டாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி ஏறாமலே இருந்தாலோ, நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டினாலோ நிமிடங்கள்தான் கணக்கு. அப்போது விளக்கத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், சம்மதம் கொடுங்கள். பிரசவம் முன்னேறவில்லை என்பது போன்ற காரணங்களில் பெரும்பாலும் பேச நேரம் இருக்கும். ஏன் இப்போது செய்ய வேண்டும், வேறு வழி உண்டா, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் எனக்கும் குழந்தைக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். வலி வருவிக்கும் மருந்து, ஆயுதம் போட்டு எடுத்தல், பிறப்புறுப்பில் வெட்டித் தையல் போடுதல் ஆகியவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அந்த வெட்டை எல்லாருக்கும் வழக்கமாகப் போடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

அரங்குக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் நடுக்கம் கொஞ்சம் குறையும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். வயிற்றை யாரோ இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், வலி தெரியாது. கத்தி வைத்த சில நிமிடங்களிலேயே குழந்தையை எடுத்துவிடுவார்கள். மிச்ச நேரம் தையலுக்குத்தான். ஒரு முறை சிசேரியன் ஆனவர்களில், தகுந்த நிலையில் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்கள் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அது கைகூடுகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து இருநூற்றில் ஒருவர் என்ற அளவில் இருப்பதால், உடனே அறுவை செய்யும் வசதி உள்ள மருத்துவமனையில்தான் அதற்கு முயல வேண்டும்.

கேள்வி: ஆஸ்பத்திரிப் பையில் மறக்கக் கூடாதது எது?

பதில்: உங்கள் பரிசோதனைக் கோப்பு. துணிமணியைப் பிறகும் கொண்டுவரலாம். ரத்த வகை, ஸ்கேன் முடிவு, ஒவ்வாத மருந்து ஆகியவை அந்த இரவிலேயே தேவைப்படும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்து குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்றால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் அடுத்த குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை உங்களுக்குப் போட வேண்டும், நீங்களே நினைவூட்டுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்தவுடன் துடைத்து, எடை பார்த்து, வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தோழி சொன்னாள். அதை நினைத்தால் அழுகை வருகிறது. என்னிடமே கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அழுது, மூச்சு விட்டு, நலமாகப் பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் மார்பைவிட நல்ல இடம் இல்லை. ஈரத்தைத் துடைத்து, வெறும் உடம்போடு உங்கள் நெஞ்சின்மேல் கவிழ்த்து, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் மூடுவார்கள். தொப்புள்கொடி அப்போதும் நீலமாய்த் தடித்துத் துடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் துடிப்பு அடங்கி, வெளுத்துத் தொய்ந்துவிடும். அதற்குள் குழந்தைக்குப் போய்ச் சேரும் ரத்தம் பின்னாளில் ரத்தசோகை வராமல் காக்கும் என்பதால், குறைந்தது 1 நிமிடமாவது கழித்தே கொடியை வெட்ட வேண்டும். மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்த அப்கார் மதிப்பெண்ணை, அதாவது மூச்சு, துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்து 1ஆவது, 5ஆவது நிமிடங்களில் போடும் மதிப்பெண்ணை, குழந்தை உங்கள் மேல் இருக்கும்போதே போட்டுவிடலாம். எடை பார்ப்பது காத்திருக்கும். குளிப்பாட்டுவது ஒரு நாள் வரை காத்திருக்கலாம். சிசேரியன் ஆனாலும் பல இடங்களில் அரங்கிலேயே குழந்தையை நெஞ்சில் வைக்கிறார்கள். மூச்சுக்குத் திணறும் குழந்தையை மட்டும் உடனே கொண்டுபோகத்தான் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க முயலுங்கள். சில துளிகள்தான் வரும். பால் இல்லை என்று பதறாதீர்கள், முதல் நாளில் குழந்தைக்குத் தேவையானதும் சில துளிகள்தான்.

வீட்டுக்குப் போன பிறகு உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். ரத்த அழுத்தச் சிக்கல் பிரசவத்துக்குப் பிறகும் வரக்கூடியது. மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அன்றே, அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.