சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள்: டேஷ்போர்டு விளக்குகள் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டேஷ்போர்டு விளக்குகளைப் பற்றியவை என்பதால், அவற்றுக்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறேன். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே. இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். கேள்வி அனுப்புகிறவர்கள் காரின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்பதோடு, விளக்கு தொடர்ந்து எரிகிறதா அல்லது மினுக்குகிறதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

கேள்வி: ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, சிக்னலில் நிற்கும்போது மினுக்குகிறது, வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடுகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஓட்டக் கூடாது. அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுழல்வதால் ஆயில் பம்பும் மெதுவாகச் சுழல்கிறது; இன்ஜின் சூடேறி ஆயில் இளகியிருக்கும் அந்த நேரத்தில்தான் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே தேய்ந்த பேரிங், அடைத்துக்கொண்ட ஸ்ட்ரெய்னர், களைத்துப்போன பம்பு, தவறான ஆயில் ஆகிய எதுவாக இருந்தாலும் முதலில் அது சிக்னலில்தான் வெளிப்படும். சென்சார் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. சென்சாரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சென்சாருக்குச் சில நூறு ரூபாய் ஆகும். இன்ஜினைப் பிரித்தால் செலவு லட்சத்தைத் தொடும். அதுவரை காரை எடுக்காதீர்கள்.

கேள்வி: என் காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன செய்ய வேண்டும்? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்தக் கார், எந்த விளக்கு, என்ன படம்? ஒரு காரில் மஞ்சள் விளக்குகள் பத்துக்கு மேல் இருக்கின்றன. காருடன் தந்த மேனுவலில் அத்தனைக்கும் படத்துடன் விளக்கம் உண்டு. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: கொல்லிமலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் சில வளைவுகளில் மட்டும் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறது. ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுவிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. சமவெளிக்கு வந்தால் எதுவும் இல்லை. (நாமக்கல் வாசகர்)

பதில்: ஹேண்ட் பிரேக்கை முதலில் பார்த்தது சரியான செயல். உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டருகே இறங்கியிருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கார் சாயும்போதெல்லாம் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, ஆயில் டப்பாவுக்குள் இருக்கும் மிதவை கீழே இறங்கி விளக்கை எரியச் செய்கிறது. சமதளத்தில் மிதவை மறுபடி மேலே வந்துவிடுவதால் விளக்கு அணைகிறது. அது அணைந்துவிட்டதால் கோளாறு தீர்ந்துவிட்டது என்று எண்ணக் கூடாது.

இங்கே பலர் செய்யும் தவறு, ஒரு பாட்டில் வாங்கி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது. பிரேக் ஆயில் தானாக ஆவியாகிக் குறையும் பொருள் அன்று. பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால் அளவு குறையலாம்; அல்லது எங்கோ கசியலாம். முதலில் நான்கு சக்கரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புதிய பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு அளவு தானாகவே உயரும். முன்பே நிரப்பி வைத்திருந்தால் அப்போது வழிந்து பெயிண்டையும் அரித்துவிடும். பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, மிதித்த பெடல் தரையோடு போய்விடும். அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: பேட்டரி விளக்கு எரிந்ததால் புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் மறுபடியும் எரிகிறது. பேட்டரி கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (திருப்பூர் வாசகர்)

பதில்: கடைக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன் சார்ஜ் ஆகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஓடும் காரில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், பேட்டரிக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். 12-ஐச் சுற்றியே நின்றால், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், அதைச் சுழற்றும் பெல்ட், அல்லது இணைப்புக் கம்பிகளில்தான் கோளாறு. விளக்கு எரிந்தவுடன் இறங்கி பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் சிறிது தூரத்திலேயே இன்ஜின் கொதித்துவிடும் என்பதால், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. பெல்ட் நன்றாக இருந்தால் ஏ.சி.யையும் தேவையற்ற மின்கருவிகளையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு மாதம் ஒருமுறை எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி இரண்டு நிமிடத்தில் அணைத்துத் தந்துவிடுகிறார். ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய். நானே ஒரு ஸ்கேனர் வாங்கி அணைத்துக்கொள்ளலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி எனக்கு வருத்தத்தைத் தருகிறது, ஏனெனில் இதே பழக்கம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. உங்கள் மெக்கானிக் காரைப் பழுதுபார்க்கவில்லை. அவர் செய்தது, பழுதைப் பற்றி கார் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கிழித்துப் போட்டது மட்டுமே. அதற்கு நீங்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

விளக்கு எரியும்போது இன்ஜினின் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைப் பதிவு செய்கிறது. அத்துடன், கோளாறு ஏற்பட்ட அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது, எவ்வளவு பாரத்தில் இழுத்தது என்பவற்றையும் படம் பிடித்ததுபோல் சேர்த்து வைக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் கோளாறா, நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் வருவதா என்று பிரித்தறிய அதுவே துணை. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் அழிந்துபோகும். பிறகு வரும் நல்ல மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதுதான். எனவே எவரும் ஸ்கேனரைச் செருகினால், அழிப்பதற்கு முன் குறியீட்டையும் அந்தப் பதிவையும் செல்போனில் படமெடுத்துக் கொள்ளுங்கள். தர மறுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

இதன் மறுபக்கத்தில், குறியீட்டைப் படித்துவிட்டு அதில் பெயர் வந்த பாகத்தை அப்படியே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குறியீடு அறிகுறியைச் சொல்கிறது. நோயை நாம்தான் கண்டறிய வேண்டும். எடுத்துக்காட்டாக பி0171 என்பது, கலவையில் காற்றின் விகிதம் கூடிப் பெட்ரோல் குறைந்திருக்கிறது என்ற செய்தி. வெடித்த வேக்கம் ஹோஸ், அழுக்கேறிய காற்றளவு சென்சார், வலுவிழந்த ஃபியூல் பம்பு ஆகிய மூன்றும் அதே குறியீட்டைத்தான் தரும். நூறு ரூபாய் ஹோஸில் தீர வேண்டியதற்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பல ஆயிரம் செலவழித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பெட்ரோல் காரில் அந்த விளக்கு மினுக்கினால் அது வேறு வகை எச்சரிக்கை. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் செராமிக் உருகிவிடும். கன்வெர்ட்டரின் விலை பல பத்தாயிரங்கள். பெரும்பாலும் காரணம் ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோதான். மினுக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதிலேயே ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வாங்கவிருந்த காரைப் பார்க்கச் சென்றேன். டேஷ்போர்டு துடைத்து வைத்ததுபோல் ஒரு விளக்கும் எரியாமல் இருந்தது. இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பார்த்தபோது, எரிந்தாக வேண்டிய செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. மீட்டரைக் கழற்றியதும், உள்ளே அந்தப் படத்தின் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்தக் காரை விற்க வந்தவர் வேறொரு குடும்பத்துக்கு விற்றிருப்பார் என்ற எண்ணம் இன்னும் என்னை உறுத்துகிறது. ஆகவே சாவியை ஆனில் வைத்ததும் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் எரிகின்றனவா, இன்ஜின் கிளம்பிச் சில நொடிகளில் அணைகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு ஸ்கேனரில் மானிட்டர்களின், அதாவது கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகளின், நிலையைப் பாருங்கள். எல்லாமே முழுமையடையவில்லை என்று காட்டினால், பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மிக அண்மையில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள். விற்பவர் தரும் விளக்கத்தை ஏற்காமல், நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனர் வாங்குங்கள், படிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எண்பதைத் தாண்டினால் கார் பீப் ஒலிக்கிறது. கோளாறா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: இல்லை. 2019 ஜூலை 1 முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட வேக எச்சரிக்கை அது. எண்பதுக்கு மேல் விட்டுவிட்டும், 120-க்கு மேல் தொடர்ந்தும் ஒலிக்கும்.

கேள்வி: சீட் பெல்ட் விளக்கும் சத்தமும் தொல்லையாக இருப்பதால், பூட்டில் செருகும் கிளிப் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதனால் ஏர்பேக்குக்குப் பாதிப்பு உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பாதிப்பு ஏர்பேக்குக்கு அல்ல, உங்களுக்கு. பெல்ட் உடலைப் பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில்தான் ஏர்பேக் வடிவமைக்கப்படுகிறது. பெல்ட் இல்லாமல் முன்னே பாய்கிற முகத்தை, விரிந்துகொண்டிருக்கும் பையே தாக்கும். இத்தகைய கிளிப்புகளை விற்பனையிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. இன்றே அதைக் கழற்றி, வேறு யாரும் எடுக்க முடியாதபடி உடைத்துப் போடுங்கள். பெல்ட் போட்ட பிறகும் ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால், சீட்டுக்கடியிலுள்ள மஞ்சள் நிறக் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். ஆனால் அதை நீங்களாகத் தொடாமல் சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ். 6 டீசல் கார். வீட்டிலிருந்து அலுவலகம் எட்டு கிலோமீட்டர். டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி வருகிறது. பலமுறை சர்வீஸில் காட்டிவிட்டேன். (சென்னை வாசகர்)

பதில்: காரில் குறையில்லை, உங்கள் ஓட்டத்துக்கு அந்தக் கார் பொருத்தமில்லை. டி.பி.எஃப். என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி; அது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. நெரிசலில் எட்டு கிலோமீட்டர் ஊர்ந்தால் அந்த வெப்பம் வராது. பாதியில் இன்ஜினை அணைத்தால் சுத்திகரிப்பு நின்றுபோவதோடு, அதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் கீழிறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. விளக்கு வந்ததும், டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற இடையூறில்லாத சாலையில் அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்வது நல்லது. டி.பி.எஃப். விளக்குடன் செக் இன்ஜினும் சேர்ந்து எரிந்தால் இந்த முயற்சி வேண்டாம்; ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு உயர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: தெருவில் தேங்கிய மழைநீர் சீட் வரை ஏறிவிட்டது. நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். எல்லா விளக்குகளும் ஒருசேர எரிகின்றன. (வேளச்சேரி வாசகர்)

பதில்: ஸ்டார்ட் செய்திருக்கவே கூடாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இதை எழுதுகிறேன். நீரில் மூழ்கிய காரில் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்தில் சுருங்காது என்பதால், சுழலும் இன்ஜினில் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஈரமான கனெக்டர்களில் மின்சாரம் பாய்ந்தால் நல்ல கம்ப்யூட்டர்களும் கெடும். இனியாவது மறுபடி முயலாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும்படி படமெடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் அனுப்புங்கள். பாலிசியில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பகலில் டயர்களில் சரியாக 33 பி.எஸ்.ஐ. காற்று அடித்தேன். மறுநாள் அதிகாலை டயர் விளக்கு எரிகிறது. பஞ்சரும் இல்லை. (ஓசூர் வாசகர்)

பதில்: நெடுஞ்சாலையில் ஓடி வந்து, சூடான டயரில் அடித்திருப்பீர்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். மார்கழிக் காலையில் நான்கைந்து குறைவது இயல்பு. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்து, மேனுவலில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள்.

கேள்வி: காலையில் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம் வருகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இன்ஜின் இன்னும் சூடாகவில்லை. அணையும்வரை அழுத்தி ஓட்டாதீர்கள். அதே படம் சிவப்பில் வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும்.

கேள்வி: மின்சாரக் காரில் ஆமை படம் வந்து வேகம் குறைந்துவிட்டது. (திருச்சி வாசகர்)

பதில்: பேட்டரியில் சார்ஜ் மிகக் குறைந்துவிட்டது, அல்லது பேட்டரியோ மோட்டாரோ சூடேறிவிட்டது, அதனால் கார் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. முந்த முயலாமல் இடப்பக்கத் தடத்துக்கு வந்து, அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, அருகிலுள்ள சார்ஜிங் நிலையத்துக்குப் போங்கள். சார்ஜ் போதுமான அளவு இருக்கும்போதே ஆமை வந்தால், அடுத்த முறை எத்தனை சதவீதத்தில் வந்தது என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.