படிப்பு அவருடையது, செலவு என்னுடையது: பிரியும்போது எதைக் கேட்பது?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் கணவர் மேற்படிப்பில் இருந்தார். கட்டணத்தில் ஒரு பகுதிக்கு அவர் கடன் வாங்கினார். மீதிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் என் சம்பளத்தில்தான். நானும் படிக்க நினைத்திருந்தேன். 'அவர் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் பிரிவதென்று முடிவாகிவிட்டது. குழந்தை, வீடு, சேமிப்பு எதுவும் இல்லை. "பிரிக்க ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது" என்கிறார் அவர். எனக்கும் சம்பளம் இருப்பதால் ஜீவனாம்சம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். பிரிக்க ஒன்றுமில்லை என்பது சரியல்ல. நீங்கள் இருவரும் சேர்ந்து ஐந்து வருடம் சேமித்தீர்கள். அந்தச் சேமிப்பு வங்கியில் இல்லை, அவருடைய சம்பாதிக்கும் திறனில் இருக்கிறது. பொருளாதாரத்தில் இதை மனித மூலதனம் என்பார்கள். வீட்டை விற்றுப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம். பட்டத்தை அப்படி விற்க முடியாது. அது யாரிடம் இருக்கிறதோ அவரோடேயே வாசலைத் தாண்டிப் போய்விடும். உங்கள் சிக்கல் இதுதான். நீதிமன்றங்களும் இதில்தான் திணறியிருக்கின்றன.

அமெரிக்காவில் இதே கதை பலமுறை வழக்குக்கு வந்திருக்கிறது. 1985-இல் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஓ'பிரையன் வழக்கைப் பாருங்கள். இருவரும் ஆசிரியர்களாக இருந்தபோது மணந்தவர்கள். கணவர் மருத்துவம் படிக்க மெக்சிகோ போனார், மனைவியும் உடன் போய் வேலை பார்த்தார். நிரந்தர ஆசிரியர் சான்றிதழுக்கான படிப்பை அவர் விட்டுக்கொடுத்திருந்தார். கணவருக்கு மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமம் கிடைத்த இரண்டே மாதத்தில் விவாகரத்து மனு. உரிமத்தைத் தவிரச் சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த உரிமத்தின் மதிப்பு 4,72,000 டாலர் என்று ஒரு நிபுணர் கணக்கிட்டார். அதில் 40 சதவீதம், அதாவது 1,88,800 டாலரை, மனைவிக்கு 11 வருடாந்தரத் தவணைகளில் தர வேண்டும் என்று விசாரணை நீதிமன்றம் சொல்லியிருந்தது. உரிமமும் திருமணச் சொத்துதான் என்று மேல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதைப் படித்ததும் கொண்டாடிவிட வேண்டாம். மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. 1978-லேயே கொலராடோ உச்ச நீதிமன்றம், சந்தையில் விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ முடியாத பட்டத்தைச் சொத்து என்று சொல்ல முடியாது என்று கைவிரித்திருந்தது. நியூயார்க்கே 2015-இல் சட்டத்தைத் திருத்தி, கூடிய வருமானத் திறனைத் தனிச் சொத்தாக மதிப்பிடுவதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தத் திறனை வளர்க்கத் துணைவர் செய்த பங்களிப்பை, மற்ற சொத்துகளைப் பிரிக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது.

உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது 1982-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் எடுத்த நடுவழி. பட்டம் சொத்து அல்ல, ஆனால் படிக்க வைத்தவர் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கட்டணம் மட்டுமல்ல, அந்தக் காலத்து வீட்டுச் செலவும் படிப்புக்கான பயணச் செலவும் அதில் சேரும். கலிஃபோர்னியா இன்னும் குறுக்கி வைத்திருக்கிறது. படிப்புக்கென்றே குடும்பப் பணத்திலிருந்து போன தொகையை வட்டியோடு குடும்பக் கணக்குக்குத் திருப்ப வேண்டும், அன்றாடக் குடும்பச் செலவு சேராது, கல்விக் கடன் பொதுவாகப் படித்தவர் தலையிலேயே போகும். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், அந்தப் படிப்பின் பலனைக் குடும்பம் ஏற்கனவே அனுபவித்துவிட்டது என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில் ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. பலன் வரத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் வெளியேறுகிறீர்கள். உங்கள் வாதத்தில் வலுவான இடம் இது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வையுங்கள். உங்களுக்கென்று 40 போனது, அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு 40, கட்டணத்துக்கு 20 என்றால், அவருக்காகப் போனது மாதம் 60. அறுபது மாதத்துக்கு 3,600. இந்தப் பணம் சராசரியாக மூன்றரை வருடம் முன்பு போனது. 6 சதவீத வட்டி போட்டால் சுமார் 4,400, அதாவது உங்களுடைய 44 மாதச் சம்பளம். 'ஒன்றுமில்லை' என்று சொன்னது இதைத்தான்!

இனி ஓ'பிரையன் பாணிக் கணக்கு. அந்தப் படிப்பு இல்லாமல் அவர் 110 சம்பாதித்திருப்பார், இப்போது 250 என்று வைப்போம். வித்தியாசம் மாதம் 140. முப்பது வருடத்துக்கு வரப்போகும் அந்த வித்தியாசத்தை 5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 25,800. வட்டியை 8 சதவீதம் ஆக்கினால் 18,900. ஒரு எண்ணை மாற்றினால் ஏழாயிரம் காணாமல் போகிறது. வரி, நோய், வேலையிழப்பு எதையும் இதில் நாம் தொடவே இல்லை. நீதிமன்றங்கள் ஏன் பின்வாங்கின என்று இப்போது புரியும். அதோடு, அந்த முப்பது வருடமும் காலையில் எழுந்து வேலைக்குப் போகப்போவது அவர். அந்த உழைப்பின் பலன் முழுவதற்கும் பங்கு கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. முன்பு நானே வேறு மாதிரி நினைத்ததுண்டு.

ஆக, முதல் கணக்கைக் கோரிக்கையாக வையுங்கள். இரண்டாவதை, போட்ட பணம் எவ்வளவு பெரிய பலனாக வளர்ந்திருக்கிறது என்று காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இழந்த படிப்பின் வருமானத்தையும் முழுதாகச் சேர்க்க ஆசை வரும். கவனம், அந்த வருடங்களில் நீங்கள் படித்திருந்தால் அந்தச் சம்பளம் வந்திருக்காது, அவருக்குச் செலவழித்திருக்கவும் முடியாது. இரண்டையும் முழுதாகக் கேட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே பிடித்துவிடுவார். நம்பகத்தன்மை போய்விடும்.

ஆதாரம்தான் இதில் முக்கால் வேலை. கட்டண ரசீதில் அவர் பெயர்தான் இருக்கும், மாணவர் அவரல்லவா. அதே தேதியில் உங்கள் கணக்கிலிருந்து அதே தொகை போயிருப்பதைக் காட்டும் வங்கி அறிக்கையை ரசீதோடு சேர்த்து வையுங்கள். பழைய வருடங்களின் அறிக்கையை வங்கிகள் எப்போதும் உடனே தருவதில்லை, இன்றே கேளுங்கள். 'நீ முடி, அப்புறம் என் முறை' என்கிற மாதிரி அன்றைக்குப் பேசிக்கொண்ட செய்திகள் கைபேசியில் இருந்தால் அழிக்காதீர்கள். அது அன்பளிப்பு அல்ல, முறை வைத்துச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பேச்சுவார்த்தை பற்றி ஒன்று. 1979-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் ம்னூக்கின், கார்ன்ஹாசர் என்ற இரு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் சொன்னது இன்றும் பொருந்தும். நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிப்பவர்களும் சட்டத்தின் நிழலில்தான் பேரம் பேசுகிறார்கள். பேச்சு முறிந்தால் நீதிமன்றம் என்ன தரும் என்பதே இருவருடைய பேர பலத்தையும் தீர்மானிக்கிறது. அதனால் உங்கள் ஊர்க் குடும்ப நல வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: துணைவரின் படிப்புக்குக் கொடுத்த பணத்தை இங்குள்ள நீதிமன்றங்கள் எந்தப் பெயரில் திருப்பித் தர வைத்திருக்கின்றன, சொத்துப் பங்காகவா, நிரந்தர ஜீவனாம்சமாகவா, கடனாகவா?

பெயர் முக்கியம். மாதாந்தர ஜீவனாம்சம் பல நாடுகளில் மறுமணத்தோடு நின்றுவிடும். நீங்கள் கேட்பது பராமரிப்பு அல்ல, போட்ட பணம். ஒப்பந்தத்தில் 'திருப்பிச் செலுத்தும் தொகை' என்றே எழுதச் சொல்லுங்கள், மறுமணம் அதைப் பாதிக்காது என்று ஒரு வரியும் சேருங்கள். தவணை என்றால், பாக்கித் தொகைக்கு அவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து உங்களுக்கு உரிமை மாற்றித் தரவேண்டும். கடன் முழுக்க அவர் பொறுப்பு என்பதும் எழுத்தில் வரட்டும். ஆனால் அதில் உங்கள் பெயர் இணைக்கடனாளியாகவோ ஜாமீனாகவோ இருந்தால், நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியிடமிருந்தே விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆனவரிடம் மொத்தத் தொகை இருக்காதுதான். அப்போது இப்படிக் கேளுங்கள்: அவர் படித்த ஐந்து வருடத்துக்கு ஈடாக, நீங்கள் தள்ளிவைத்த படிப்பின் கட்டணமும், படிக்கும் காலத்துக்கு மாதச் செலவும் அவர் தரட்டும். பணமாகக் கேட்டால் முறைக்கிறவர்கள்கூட இதற்குச் சம்மதித்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் படிப்பு, எத்தனை வருடம், என்ன கட்டணம் என்று ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரி அவர்கள் தரும் வரைவில் கண்டிப்பாக இருக்கும். மேலே சொன்னவை எழுத்தில் ஏறும்வரை அந்த வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து வரக்கூடாது.