தர்மபுரி நகராட்சி மன்றம் நினைத்தால் கரண்ட் கட்டண உயர்வைத் தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் நகர மன்றம் கூடி, ஓட்டுப் போட்டு மின்கட்டணத்தை முடிவு செய்கிறார்களே, நம் ஊரில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நம் நகராட்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் மன்றம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அங்கே பல ஊர்களில் மின் விநியோகமே நகராட்சிக்குச் சொந்தம். என் மச்சான் இருக்கும் ஆஸ்டின் அப்படிப்பட்ட ஊர். 2022 டிசம்பரில் அந்த நகர மன்றமும் கட்டணத்தை உயர்த்தத்தான் ஓட்டுப் போட்டது. ஆனால் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். பெயர் கொடுத்துவிட்டுப் பொதுமக்களும் மன்றத்தில் பேசலாம்.

இங்கே 2003 மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கேரளாவில் திருச்சூர் மாநகராட்சி தானே கரண்ட் விநியோகம் செய்கிறது; அங்கும் கட்டணத்தைச் சொல்வது அந்த மாநில ஆணையம்தான். மாநில அரசு மானியம் கொடுத்து சுமையைக் குறைக்கலாம். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் வருவது அந்த வழியில்.

இதெல்லாம் எனக்கு 2022-இல்தான் தெரிய வந்தது. ஜூலையில் உயர்வு பற்றிய செய்தி வந்ததும் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். "அண்ணே, இது எங்க கையில இல்ல" என்றார். அப்புறம் விசாரித்தால், ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும், எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம், நேரிலும் பேசலாம் என்றார்கள். ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கூட்டம். எனக்குக் கோவைதான் பக்கம். விடியுமுன் கிளம்பி, சேலத்தில் பஸ் மாறிப் போனேன்.

நான் பேசியது ஒரே விஷயம்தான். எங்கள் வீட்டில் ஆறு பேர், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடும். 500 யூனிட்டுக்கு அதுவரை 1,130 ரூபாய். புதிய கணக்கில் 1,725. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 501 ஆனால் 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 போய் 4.50 ஆகிவிடுவதுதான் காரணம். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதித்தால்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம் என்றேன். குறித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 10-இல் அதே கட்டணம் அமலுக்கு வந்தது.

போனது வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த உத்தரவு ஓர் ஆண்டுக்கானது அல்ல, 2026-27 வரைக்குமானது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, அதிகபட்சம் 6 சதவீதம் வரை கட்டணத்தைக் கூட்டலாம் என்று அதிலேயே இருந்தது. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் கூடியது அப்படித்தான். இதில் 2023, 2025 உயர்வுகள் வீடுகளைத் தொடாமல் அரசு ஏற்றுக்கொண்டது. ஆக, ஐந்து வருடக் கட்டணத்துக்கான வாசல் அந்த ஆகஸ்டில்தான் திறந்தது. தர்மபுரியிலிருந்து எத்தனை பேரால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோவை போக முடியும்?

சரி, மன்றம் என்ன செய்யலாம்? நகராட்சியும் கரண்ட் பில் கட்டுகிற ஒரு நுகர்வோர்தான். தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் கரண்ட்டில்தான் ஓடுகின்றன. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உள்ள மாவட்டம் நம்முடையது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆற்றிலிருந்து அந்தத் தண்ணீரை மேலே ஏற்றவும் கரண்ட் வேண்டும். உள்ளாட்சிகளின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கட்டணப் பட்டியலில் தனி வகையே இருக்கிறது. அது ஏறினால் சாக்கடைக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம்தான் பில்லுக்குப் போகும். நான் தனியாகப் பேசுவதைவிட, ஒரு வருடத்துக் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சி ஆட்சேபம் அனுப்பினால் அதற்கு எடை அதிகம்.

அதனால் உங்கள் கவுன்சிலரிடம் "ஏன் தடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். நகராட்சி வருடத்துக்கு எவ்வளவு கரண்ட் பில் கட்டுகிறது என்று கேளுங்கள். அடுத்த ஐந்தாண்டுக் கட்டணத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைத் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நடத்தச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் எங்கள் வார்டில் மனு கொடுத்துவிட்டேன். அதன் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.