பழைய லைசென்ஸ் புது மெஷினுக்கு வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்ற பிறகு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் லைசென்ஸ் பற்றித்தான். ஆனால் எழுதுகிறவர்களில் பலர் தங்களுடையது ஓஇஎம்மா (மெஷினோடு சேர்ந்து வந்தது), ரீடெயிலா (தனியாக வாங்கியது) என்று சொல்வதே இல்லை. அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். வருகிற பெட்டியில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது) இவற்றில் எது என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விண்டோஸ் செவன் இருந்த டெஸ்க்டாப்பை 2016-ல் இலவசமாக 10-க்கு மாற்றினேன். பழைய செவன் கீ சும்மாதானே கிடக்கிறது, தம்பிக்குக் கொடுக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

சும்மா கிடக்கவில்லை. அந்த லைசென்ஸ்தான் இன்று 10 ஆக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே ஏற்றியதால் ஒன்று இரண்டாகிவிடாது. அதோடு, செவன், எயிட் கீயைப் போட்டுப் புதிதாக 10, 11 ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போக வேறு கீ வாங்க வேண்டுமா? (வண்ணாமடை)

வேண்டாம். ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ போட்டால் போதும். ஆனால் இருப்பதன் மேலேயே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். முதலில் பேக்கப்.

இடி விழுந்து மதர்போர்டு போய்விட்டது. வேறு போர்டு மாற்றினேன். ஆக்டிவேட் ஆகவில்லை என்கிறது. கீயின் படம் இணைத்துள்ளேன். (மீனாட்சிபுரம்)

படத்தை உடனே அழித்துவிட்டேன். 25 எழுத்தையும் இப்படி ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள். பெட்டியில் வாங்கிய ரீடெயில் கீயாக இருந்தால் புதுப் போர்டிலும் செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் முன்பே இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் டிரபுள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓஇஎம் என்றால் அது பழைய போர்டோடு போயிற்று. பழுதான போர்டுக்குப் பதிலாகத் தயாரித்த கம்பெனியே அதே ரகம் மாற்றிக் கொடுத்தால் மட்டும் லைசென்ஸ் தொடரும்.

2021-ல் விண்டோஸ் 10 ஹோமோடு வாங்கிய லேப்டாப். மெதுவாக இருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொடுத்தேன். 11 ப்ரோ போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஆக்டிவேஷன் போய்விட்டது. மறுபடி 600 ரூபாய் கேட்கிறார்கள். என் சொந்த லைசென்ஸ் அழிந்துவிட்டதா? (சித்தூர்)

அழியவில்லை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதியும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் லேப்டாப்புக்குக் கொடுத்த பணத்திலேயே விண்டோஸுக்கும் சேர்த்துக் கொடுத்தீர்கள். எயிட் வந்த 2012-லிருந்து, விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் அந்தக் கீ மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. ஃபார்மட் அடித்தாலும், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். ஹோம் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். அதைச் செய்ய அரை மணி நேரம் பொறுமை வேண்டும். அதற்குப் பதில் எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவில் உள்ள ப்ரோவை ஏற்றி, கிராக் (லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் திருட்டு புரோகிராம்) ஓடவிட்டு, "ஒரிஜினல் ப்ரோ" என்று பில் போடுகிறார்கள். உங்களுக்கு ஆறு மாதம் என்பதே சாட்சி: வால்யூம் லைசென்ஸில் ஒரு வகை 180 நாளுக்குள் தன் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்த நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது? கிராக் ஓட்டுவதற்காக ஆன்ட்டிவைரஸையும் அணைத்திருப்பார்கள். அந்த மெஷினிலா பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள்?

எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டில், நம்மவர்கள் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிச் சமாளித்துவிடுவார்கள், ஆனால் கடைக்காரரிடம் "என் லைசென்ஸ் எது?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேளுங்கள். கொடுக்கும் முன் நான் மேலே சொன்ன பெட்டியைப் போட்டோ எடுத்து வையுங்கள், திரும்பி வந்ததும் ஒத்துப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பேக்கப் எடுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கிப் பென்டிரைவ் தயார் செய்து, டிரைவைச் சுத்தமாக அழித்து 11 ஹோம் போடுங்கள். கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதை அழுத்துங்கள். நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் இருந்தால் அது முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்தீர்களோ அதில்தான் இருக்கிறது.

தேங்காய் மண்டியில் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) ஓடும் கம்ப்யூட்டரை மாற்றப் போகிறோம். டாலி லைசென்ஸ் இன்னொன்று வாங்க வேண்டுமா? (வேலந்தாவளம்)

தேவையில்லை, ஆனால் வரிசை முக்கியம். பழைய மெஷினில் டாலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது திருப்பி ஒப்படையுங்கள். அதன் பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். சரண்டர் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டு என்னிடம் ஓடி வராதீர்கள். லைசென்ஸ் வேறு, கணக்கு வேறு: டேட்டா ஃபோல்டரைத் தனியாக இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள்.

என் லைசென்ஸ் செல்லுமா? (ஊர் பெயர் இல்லை)

எது, எதில், எப்போது வாங்கியது? முதல் பத்தியைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

2013 லேப்டாப், 4 ஜிபி. பழைய டெஸ்க்டாப்பிலிருந்து ஒரு ரீடெயில் 10 ப்ரோ கீ மிச்சம் இருக்கிறது. இதில் 11 போடலாமா? தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியை. (கோபாலபுரம்)

கீ சரி. டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மெஷின்தான் சரியில்லை டீச்சர். 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 10-ஐயே வைத்துக்கொண்டு, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அல்லது உங்கள் பள்ளி லேபில் இருக்கும், கேரளப் பள்ளிகளுக்கான இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான கைட் லினக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீயே கிடையாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில்தானே. ப்ரோ கீயைப் பத்திரமாக எழுதி வையுங்கள், அடுத்த கம்ப்யூட்டரை விண்டோஸ் இல்லாமல் வாங்கினால் செலவு குறையும்.