மூன்று தரம் எரிந்து அணையும் பர்னஸ்

கேள்வி: அண்ணை, எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பர்னஸுக்கு 12 வயது. போன கிழமை வெளியே மைனஸ் 18. நடுச்சாமத்தில் வீடு குளிர்ந்துபோய், எழும்பிக் கீழே போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு சின்ன மோட்டார் ஓடுகிறது. பிறகு உள்ளே ஏதோ தணல் மாதிரி ஒளிர்கிறது, நெருப்பும் பிடிக்கிறது. ஆனால் நாலு விநாடிக்குள் அணைந்துவிடுகிறது. இப்படி மூன்று தரம், அப்புறம் அசைவே இல்லை. சுவிட்சை நிறுத்திப் போட்டால் சில நேரம் வேலை செய்கிறது. வந்து பார்த்தவர், பர்னஸை இயக்கும் போர்ட் (எலக்ட்ரானிக் பலகை) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: தங்கச்சி, காசை எடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதிய அந்த ‘நாலு விநாடி’யில்தான் விஷயம் இருக்கிறது.

பர்னஸ் ஒரு ஒழுங்கில்தான் வேலை செய்யும். நீங்கள் கேட்ட சின்ன மோட்டார், பழைய புகையை வெளியே தள்ளுவது. அது சரியாக இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கும். பிறகு இக்னைட்டர் சூடாகி ஒளிரும். அதுதான் நீங்கள் கண்ட தணல். அதன்பிறகே கேஸ் வால்வு திறக்கும். உங்கள் வீட்டில் நெருப்புப் பிடிக்கிறது என்றால் இவ்வளவு பேரும் வேலை செய்கிறார்கள். அந்த நெருப்பைக் ‘கண்டேன்’ என்று போர்ட்டுக்குச் சொல்லவேண்டிய ஆள்தான் பேசாமல் நிற்கிறார்.

அந்த ஆளின் பெயர் பிளேம் சென்சர். பென்சிலை விட மெல்லிய ஒரு உலோகக் கம்பி, ஒரு வயர், ஒரு திருகாணி, அவ்வளவுதான். நெருப்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அளந்தால் சில மைக்ரோ ஆம்ப். அது வந்தால் போர்ட் கேஸைத் திறந்து வைத்திருக்கும். வராவிட்டால், ‘நெருப்பு இல்லை, கேஸ் சும்மா போகிறது’ என்று எடுத்துக்கொண்டு வால்வை மூடிவிடும். கம்பியில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்தாலே மின்சாரம் குறைந்துவிடும். பேஸ்மென்டில் அண்மையில் அறை கட்டினீர்களா? வாடகைக்கு விட டிரைவால் (ஜிப்சம் சுவர்ப் பலகை) வெட்டிய வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். பர்னஸ் அறைக்குள் இருந்தே காற்றை எடுத்தால் வெட்டிய தூள் நேரே உள்ளே போகும்.

இதில் எனக்கும் ஒரு சூடு விழுந்திருக்கிறது. இந்த வேலைக்கு வந்த முதல் குளிர்காலம், இதே குறைக்கு ஒரு வயதான அம்மா வீட்டில் கேஸ் வால்வையே மாற்றினேன். இரண்டாம் நாள் அவ திரும்ப அழைத்தா. கூட வந்த மூத்தவர் கம்பியைக் கழற்றி, மெல்லிய ஸ்டீல் வூலால் நாலு இழுப்பு இழுத்துத் திரும்பப் பூட்டினார். பர்னஸ் எரிந்தது. அவ தந்த தேத்தண்ணியை நான் தலை நிமிராமல் குடித்தேன்.

நீங்களே கழற்றச் சொல்லவில்லை. ஒன்டாரியோவில் கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் லைசென்ஸ் வேண்டும், இக்னைட்டரும் பக்கத்திலேயே இருக்கும், தட்டுப்பட்டால் உடைந்துவிடும். அடுத்து வருபவரிடம், “பிளேம் சென்சரைத் துடைத்துவிட்டு மைக்ரோ ஆம்பை எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். துடைத்தும் எண் ஏறாவிட்டால் கம்பியை மாற்றட்டும், எர்த் வயரைப் பார்க்கட்டும். போர்ட்டைப் பற்றிக் கதைப்பது அதற்குப் பிறகு.

கதவில் சின்னக் கண்ணாடி இருந்தால் உள்ளே மினுங்கும் விளக்கை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனை தரம் மினுங்கினால் என்ன குறை என்று கதவின் உட்புறத்தில் ஒட்டியிருப்பார்கள். சுவிட்சை நிறுத்தினால் அந்த மினுங்கல் அழிந்துவிடலாம். அதுவுமில்லாமல், மூன்று தரத்தோடு அது தானாக நிற்பது காரணத்தோடுதான். திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டு அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கேஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து 911-க்கு அழையுங்கள்.

பர்னஸின் காற்றுப் பில்டரைத் துடைத்தால் சரியாகுமா என்று இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பில்டர் அடைத்தால் பர்னஸ் சில நிமிடம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகுதான் நிற்கும். அது வேறு கதை.

கேள்வி: பனிப்புயலுக்கு அடுத்த நாள் எங்கள் பர்னஸில் சின்ன மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தணலும் இல்லை, நெருப்பும் இல்லை. (மார்க்கம் வாசகர்)

பதில்: ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். பர்னஸ் காற்றை எடுக்கவும் புகையை விடவும் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய் நிற்கும். ஒன்று பனிக்குள் புதைந்திருக்கும், இல்லாவிட்டால் வாயில் ஐஸ் கட்டியிருக்கும். கையால் விலக்குங்கள். சவளால் தட்டவேண்டாம், குளிரில் அந்தக் குழாய் ஓடு மாதிரி உடையும். போன வருடம் அப்படி இரண்டு வீட்டில் குழாய் மாற்றினேன். குழாய் சுத்தமாக இருந்தும் எரியவில்லை என்றால், பர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் சின்ன ஹோஸ் அடைத்திருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.