குடி, புகை, கைப்பேசி: விட நினைப்பவர்கள் கேட்டவை

ரமலானுக்கு இன்னும் சில வாரங்கள்தான். இந்த நோன்போடு ஒரு பழக்கத்தையாவது தலைமுழுக நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு வேண்டுகோள்: செய்த பாவத்தை விலாவாரியாக எழுதாதீர்கள். அல்லாஹ் இரவில் மறைத்து வைத்ததைக் காலையில் தானே திறந்து காட்டுபவனைப் பற்றிய எச்சரிக்கை புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. என்ன பழக்கம், எவ்வளவு காலம், எந்த நேரத்தில் வருகிறது, இது போதும்.

கடலூர் ஓ.டி. சகோதரர்: ஹஜ்ரத், வேலை புதுச்சேரியில். தினமும் பைக்கில் திரும்பும்போது எல்லையில் கன்னியக்கோவில், முள்ளோடை மதுக்கடைகள் வந்ததும் கை தானாக பிரேக் பிடிக்கிறது. வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஆகிவிடுகிறது. ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டதா?

தம்பி, ஈமானைப் பற்றிய கவலை இருப்பதே நல்ல அடையாளம். ஆனால் உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஆசை வருவதாக நீங்கள் எழுதவில்லை. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், கையில் பைக். இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு மனதோடு மட்டும் சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள்.

99 கொலை செய்தவனின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். நூறாவது கொலைக்குப் பிறகு ஓர் அறிஞரிடம் போய், எனக்குத் தவ்பா (பாவமன்னிப்பு) உண்டா என்று கேட்டான். அவர் உண்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பாதே, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்றார். பயானில் மன்னிப்பு பற்றிய பகுதியை எல்லோரும் சொல்கிறோம், ஊரை மாற்றச் சொன்ன பகுதி விட்டுப்போகிறது. அவன் வழியில் இறந்தபோது, எந்த ஊருக்கு அருகில் இருந்தான் என்று அளந்துதான் தீர்ப்பு வந்தது.

நீங்கள் ஊர் மாற வேண்டாம். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். எல்லைக் கடைகளுக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்க ஒருவன் எழுந்து, கூட்டத்தைத் தாண்டி, படிக்கட்டுக்கு வர வேண்டும். அந்த அரை நிமிடம் யோசிக்க இடம் தரும். பைக்கில் அது கிடையாது. சம்பள நாளில் கையில் பஸ் காசு மட்டும் இருக்கட்டும், மீதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். மஃரிபை (அந்திநேரத் தொழுகையை) புதுச்சேரியிலேயே தொழுதுவிட்டு வந்தால் அந்த நேரமே இடம் மாறிவிடும். முல்லா வீதிப் பக்கம் பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லை. கூட வரும் நண்பர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரோடு வருவதையும் நிறுத்துங்கள்.

முத்தியால்பேட்டை: குடித்தால் 40 நாள் தொழுகை ஏற்கப்படாதாமே. அப்படியானால் 40 நாள் தொழ வேண்டாம்தானே?

தொழ வேண்டும். திர்மிதி தொகுப்பில் வரும் அந்த ஹதீஸ், அந்தத் தொழுகைக்கு நன்மை கிடைக்காது என்பதைச் சொல்கிறது. கடமை நீங்கிவிட்டது என்று சொல்லவில்லை. ஹதீஸ் விளக்கவுரை எழுதிய இமாம் நவவி இதேபோன்ற இன்னொரு ஹதீஸுக்கு இந்த விளக்கத்தையே தந்திருக்கிறார். தொழுதால் கடமை நிறைவேறும், விட்டால் குடித்த பாவத்தோடு தொழுகையை விட்ட பாவமும் சேரும். அதே ஹதீஸ், தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றும் சொல்கிறது. போதை தெளிந்ததும் வாயைக் கழுவி, வுளூ செய்து, ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) வந்து நில்லுங்கள்.

பரங்கிப்பேட்டை சகோதரி: என் மாப்பிள்ளை தினமும் குடிக்கிறார். குடியை மறக்கடிக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் ஆணத்தில் (குழம்பில்) கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கூடுமா?

கூடாது ராத்தா. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளிக்கு விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, பரிசோதனை செய்த பிறகு கொடுக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும், தெரியாமல் ஒருவர் உடம்புக்குள் மருந்தைச் செலுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது: வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர் மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாளில் இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவார்கள். வீட்டார் ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்துப் போவார்கள். அது உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை. ஓதுவதை ஆஸ்பத்திரி கட்டிலருகே உட்கார்ந்து ஓதுங்கள். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவில் பாருங்கள், அல்லது கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். போவதற்கு முன் பேச வேண்டுமானால் 14416, அரசின் டெலி மனாஸ், தமிழிலேயே பேசலாம்.

மதுவே படிப்படியாகத்தான் தடுக்கப்பட்டது. முதலில் அதில் பெரும் கேடு இருக்கிறது என்ற வசனம் (குர்ஆன் 2:219), பிறகு போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் (4:43), கடைசியில் முழுத்தடை (5:90). முதலிலேயே "குடிக்காதீர்கள்" என்று இறங்கியிருந்தால் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி சொன்னது புகாரியில் இருக்கிறது. இன்று ஹுக்மில் (மார்க்கச் சட்டத்தில்) படி கிடையாது, ஒரு சொட்டும் ஹராம். ஆனால் சிகிச்சையில் படி உண்டு.

லால்பேட்டை மாணவர்: சிகரெட்டை விடுவதாக குர்ஆன் மேல் சத்தியம் செய்து மீறிவிட்டேன். மூன்று நோன்பு பிடித்தால் போதுமா?

சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரத்தின் வரிசையைப் பாருங்கள் (5:89): பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அதற்கு வசதி இல்லாதவருக்குத்தான் மூன்று நோன்பு. கையில் காசிருப்பவர் நேராக நோன்புக்குத் தாவ முடியாது. உம்மா தலைமேல் சத்தியம் செய்வது கூடவே கூடாது.

இனி யாரும் பழக்கத்தை விடுவதற்குச் சத்தியம் செய்யாதீர்கள். சத்தியம் முறிந்த அன்றைக்கு, எல்லாம் போய்விட்டது என்று நினைத்து முன்பைவிட அதிகமாகப் பிடிக்கிறார்கள்.

நெல்லிக்குப்பம்: ஹான்ஸ் புகையிலை உதட்டுக்குள் இருக்கும்போது தொழலாமா?

துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டுத் தொழுங்கள். அதன் சாறு தொண்டைக்குள் போனால் தொழுகை முறியும். பூண்டு தின்றவரையே அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்றார்கள் நபியவர்கள். உதட்டின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரங்கிப்பேட்டை: சிகரெட் மக்ரூஹ்தான் (வெறுக்கத்தக்கது, ஆனால் ஹராம் அல்ல) என்று எங்கள் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் இமாம் ஷாஃபியின் சட்ட வழியைப் பின்பற்றுபவர்கள். நீங்கள் ஹராம் என்பது போலப் பேசுகிறீர்களே?

போல இல்லை, ஹராம் என்றே சொல்கிறேன். இமாம் ஷாஃபி ஹிஜ்ரி 204இல் வஃபாத்தானார்கள். புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆக, நான்கு இமாம்களில் யாருக்கும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பின்னால் வந்த அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடையே போட்டார். திமிஷ்கின் (டமாஸ்கஸின்) அப்துல் கனி நாபுலுஸி கூடும் என்று தனி நூலே எழுதினார். அன்று அவர்கள் கண்முன் இருந்தது வாடையும் வீண்செலவும்தான். நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் அழுத்தமாகக் காட்டியது 1950க்குப் பிறகு. "உங்கள் கைகளாலேயே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" (2:195) என்ற வசனம் அன்றும் இருந்தது. அழிவு இதுதான் என்ற செய்தி பிறகு வந்தது.

அதே சகோதரர்: அப்படிப் பார்த்தால் தினமும் பிரியாணி தின்பதும் கேடுதானே? எங்கள் ஊர் ஆலிம் ஒருவரே வெற்றிலையில் புகையிலை போடுவார்.

பிரியாணி அளவோடு தின்றால் உணவு. சிகரெட்டுக்குக் கேடில்லாத அளவு என்று ஒன்று கிடையாது. ஆலிமின் பழக்கம் சட்ட ஆதாரம் ஆகாது. அவருக்காக துஆ செய்யுங்கள்.

புதுச்சேரி, சுல்தான்பேட்டை: ஹஜ்ரத் சொல்வது சரி. மக்ரூஹ் என்பவர்கள் எல்லாம் கடை வைத்திருப்பவர்கள்.

இது தவறான பேச்சு. நிய்யத்தை (உள்நோக்கத்தை) தோண்டாதீர்கள். மக்ரூஹ் என்ற கருத்தில் பெரிய அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னும் ஐந்தாறு பேர்: ஹராமா, மக்ரூஹா, ஒரே வரியில் சொல்லுங்கள்.

மேலே இருக்கிறது. மக்ரூஹ் என்று நம்புகிறவரும் அல்லாஹ்வுக்காக விட்டால் கூலி உண்டு என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். ஹுக்மு பற்றி இனி இங்கே பேசவில்லை. விடுவது எப்படி என்று கேளுங்கள்: முதல் மூன்று நாள் கடுமை, ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணியும். நோன்பில் பகல் முழுக்கப் பிடிக்காமல் இருந்தவர், கஞ்சி குடித்த கையோடு பள்ளிக்கு வெளியே போய்ப் பற்றவைக்கிறாரே, அந்த முதல் சிகரெட்தான் மறுநாளுக்கு வழி போடுகிறது. இஃப்தாருக்குப் பின் வெளியே போகாமல் பாத்திரம் கழுவுங்கள், அங்கேயே மஃரிப் தொழுது, குர்ஆனோடு உட்காருங்கள். நிகோடின் சூயிங்கம் பகலில் நோன்பை முறிக்கும், இரவில் மெல்லலாம். புகையிலையை விட இலவச அழைப்பு எண்: 1800 11 2356.

பெயர் வேண்டாம்: இரவில் கைப்பேசியில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுது தவ்பா செய்கிறேன்.

அழுகை வீண் போகாது. இஷா முடிந்ததும் கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குப் போங்கள். பஜ்ருக்கு எழுப்ப சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். திங்கள், வியாழன் நோன்பு பிடியுங்கள்; மணமுடிக்க இயலாத இளைஞர்களுக்கு நபியவர்கள் சொன்ன மருந்து நோன்பு.

சிதம்பரம்: ரம்மியில் விட்ட பணத்தை எடுத்துவிட்டு நிறுத்தலாமா?

விட்டதைப் பிடிக்கிறேன் என்பதுதான் அந்த நோயே. ஜெயித்தாலும் அது உங்களுக்கு ஹலால் ஆகாது, மதுவைத் தடுத்த அதே வசனம்தான் சூதையும் தடுத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டது. இன்றிரவே கடன் விவரத்தை எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்.

வில்லியனூர்: குடித்தவன் 40 நாள்...

முத்தியால்பேட்டைக்குச் சொன்னதுதான்.

குறிஞ்சிப்பாடி: போதையில் தலாக் சொல்லிவிட்டேன்.

இதை இங்கே பேச முடியாது. சொன்ன வார்த்தையை மாற்றாமல் காஜியாரிடம் நேரில் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து இன்னொரு சகோதரர்: எட்டு மாதம் விட்டிருந்தேன், போன வாரம் ஒரு கல்யாணத்தில் மறுபடி குடித்துவிட்டேன். ஜமாஅத்தில் ஒருவர் எல்லோர் முன்னும் "முனாஃபிக்" (நயவஞ்சகன்) என்றார். பள்ளிக்கே போகப் பிடிக்கவில்லை.

நபியவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பார். குடிப்பழக்கம் இருந்தது. பலமுறை பிடிபட்டுத் தண்டனை வாங்கினார். ஒருநாள் தண்டனை முடிந்ததும் ஒருவர், எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான் என்று சபித்தார். நபியவர்கள் சபிக்காதீர்கள் என்று தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் அவர் நேசிக்கிறார் என்பதைத் தாம் அறிவதாகச் சத்தியமிட்டுச் சொன்னார்கள். இது புகாரியில் இருக்கிறது. தண்டனை தண்டனைதான், அது நிற்கவில்லை. சாபம் மட்டும் நின்றது.

உங்களைப் பேசிய அந்தப் பெரியவருக்கு இந்த ஹதீஸைச் சொல்லும் பொறுப்பு ஜமாஅத்தாருடையது. உங்கள் எட்டு மாதம் அழிந்துவிடவில்லை. குடித்தது ஒரு நாள், அதற்கு இன்றே தவ்பா செய்யுங்கள். அடுத்த கல்யாணத்தில் நிக்காஹ் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுப் பெண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிடுங்கள், மாடிக்கு அழைத்தால் ஏறாதீர்கள். லுஹருக்குப் பள்ளிக்கு வாருங்கள்.

நெல்லிக்குப்பம்: வாப்பா இருபது வருடமாகத் தினமும் குடிக்கிறார். தலைப்பிறை அன்று நிறுத்தி, மறுநாள் நோன்பு பிடிப்பதாகச் சொல்கிறார். சந்தோஷமாக இருக்கிறது. துஆ செய்யுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், துஆ செய்கிறேன். ஆனால் பிறை பார்க்கும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே அவரை ஜிப்மருக்கு அழைத்துப் போங்கள். நிறுத்தும் முதல் சில நாட்கள் மருத்துவர் பார்வையில் இருந்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், நோன்புக்குள் உடம்பு தேறிவிடும். தேறாவிட்டால் நோயாளிக்குச் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களா செய்யலாம். ஆதார் அட்டையும், அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். ஓ.பி. சீட்டுக்கு வரிசை நீளம், சுப்ஹு தொழுத கையோடு பஸ் ஏறுங்கள்.